இரண்டு கையிலும் பிளக்

1

இந்தக் கதை அக்காவின் தையல் மேசையிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசை இப்போது அவளிடம் இல்லை. அதனால்தான் கதை.

முதல் வரி இப்படி எழுதினேன்: 'மின்சாரம் தூய்மையானால் இசையும்...' இது அத்தான் பேசுகிற பேச்சு, என் வாயில் ஒட்டவில்லை. அடித்துவிட்டேன். அடுத்தது: 'பொருள்: பாட்டுப் பெட்டியின் மின்சப்ளையை மாற்றியமைத்தல் தொடர்பாக.' பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதிப் பழகிய கை அப்படித்தான் போகும். இதை அடிக்கவில்லை. விஷயம் அதுதானே.

2

(விளக்கம். அவசரக்காரர்கள் தாண்டலாம், பிறகு புரியவில்லை என்று என்னிடம் வரக்கூடாது.)

கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று அத்தானிடம் இருக்கிறது. கூடவே வந்த அடாப்டர் மட்டம் என்பது அவர் கட்சி. பாட்டு நின்ற பிறகும் 'ம்ம்' என்று இரைகிறதாம். ஆகவே டிரான்ஸ்பார்மர், கட்டைவிரல் தடிமனில் கெப்பாசிட்டர்கள் எல்லாம் வைத்துத் தானே ஒரு சப்ளை கட்டினார். அக்காவின் மேசையில். ஒயர்களுக்கு அடையாளம் போட்டதும் அக்காவின் சாக்பீஸில்தான்.

அக்கா தரையில் உட்கார்ந்து துணி வெட்டுகிறாள். [அவள் முட்டி வீங்கியதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குக் கோபம் வரும் என்பதால் எடுத்துவிட்டேன்.]

"அதான் கட்டி முடிச்சாச்சே, மேசையக் காலி பண்ணுங்க."

"இன்னும் சில வேலை பாக்கி. வித்தியாசம் உனக்குக் கேக்கலையா?"

"எனக்கு முட்டி கத்துறதுதான் கேக்குது."

3

அத்தானைக் கோமாளியாக்குகிறேனோ என்று ஒரு சந்தேகம். அவர் ஈயம் வைத்துப் பற்றவைத்த இடமெல்லாம் மழைத்துளி மாதிரி மினுங்கும். நியாயத்துக்கு அதையும் எழுதிவிட்டேன்.

பந்தயம் கட்டியது அக்கா. பெட்டியில் மாட்டியிருப்பது பழைய அடாப்டரா, புதிய சப்ளையா என்று அத்தான் பார்க்காமல் சொல்லவேண்டும். ஒரே தடவை. சரியாகச் சொன்னால் மேசை அவருக்கே. தவறினால் அன்றைக்கே காலி. லைனிங் துணியை நடுவில் திரையாகக் கட்டினாள். திரைக்குப் பின்னால் பிளக் மாற்றும் வேலை எனக்கு.

"மாப்ள, கட்சி மாறிடாத."

"டேய், அவர் பேச்சுல மயங்காத. பெட்டியப் பாரு."

4

பாட்டே வேண்டாம் என்றார் அத்தான். பாட்டில்லாதபோதுதான் இரைச்சல் பிடிபடுமாம். கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எதையும் முறையாகச் செய்கிறவன். பழைய பிளக்கைப் பெட்டியிலிருந்து பிடுங்கி வலது கையில் வைத்துக்கொண்டேன். புதியதை இடது கையில் எடுத்தேன். எதை மாட்டலாம் என்று ஒரு முடிவுக்கு வருவதற்கு...

"இதுதான்," என்றார் அத்தான். "என் சப்ளை இதுதான். என்ன அமைதி பாரு. ஒரு இரைச்சல் உண்டா?"

(மேலே அந்த வாக்கியம் முடியவில்லை. அன்றும் முடியவில்லை.)

5

புதியதை மாட்டினால் அத்தான் ஜெயித்தார், அக்கா தரையிலேயே. பழையதை மாட்டினால் மேசை வந்துவிடும். ஆனால் அந்த மனுஷன் இனிமேல் எந்த அமைதியையும் நம்பமாட்டார். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இரண்டு பேரும் ஒற்றுமையாகிவிடுவார்கள், என்னை உதைப்பதற்கு. அந்த முடிவை எழுதிப் பார்த்தேன். எனக்கு வலித்தது.

திரையின் ஓரத்தில் அக்காவின் விரல்கள் தெரிகின்றன.

"டேய், எது மாட்டியிருக்க?"

நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள். சத்தம் போடாமல். இந்த இரண்டையும் ஒரு நிமிடம் பிடியுங்கள், எனக்கு மூக்கு அரிக்கிறது.