வியாழக்கிழமைக் கோட்டைகள்

காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோட்டைச் சுவரின் அகலமான விளிம்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மடியில் மிளகு போட்ட தரல்லி முறுக்கு ரொட்டிப் பொட்டலம். நாலைந்து வளையங்களைக் கடித்து முடித்திருப்பேன். சுவர் திரும்புகிற மூலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிரித்தாள். யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் தடவை சிரித்தபோது வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்திவிட்டேன். மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, கடைசியில் மூக்கில் ஒரு சின்னக் குறட்டையோடு முடிகிற சிரிப்பு. எங்கள் வீட்டுக்கு அவள் மருமகளாக வந்த புதிதில் அம்மா அதை வைத்துக் கேலி செய்வாள். எர்சிலியா அண்ணி. என் அண்ணன் அனியெல்லோவின் மனைவி. அண்ணன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்பு அதற்கும் முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டது.

அந்த நேரத்தில் அவள் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றுகொண்டிருக்க வேண்டும். வியாழக்கிழமைகளில் சாயங்காலம் வரை வேலை என்று சொல்லியிருந்தாள். நானோ முதுகுவலி வைத்தியரின் மேசையில் குப்புறப் படுத்திருக்க வேண்டும். அப்படித்தான் நானும் சொல்லியிருந்தேன்.

சாந்தெல்மோ கோட்டை எங்கள் தெருவுக்கு நேர் மேலே, மலையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. துணி காயப்போடும்போது நிமிர்ந்தால் அதன் மஞ்சள் கல் சுவர்தான் கண்ணில் படும். ஆனால் எங்கள் தெருவில் யாரும் அங்கே ஏறிப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கூட்டிப் போவார்கள். மிலானிலிருந்து உறவுக்காரர்கள் வந்து நச்சரித்தால் இன்னொரு முறை. மற்றபடி அது சுற்றுலா வரும் ஜெர்மன்காரர்களுக்கு. நான் அங்கே போகத் தொடங்கியதற்கு அதுதான் காரணம். காலையில் பள்ளிக்கூட வராந்தாக்களைக் கூட்டித் துடைக்கிறேன், பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா கூப்பிடுகிறாள். இறங்கினால் மீன்காரன் கூப்பிடுகிறான். நேப்பிள்ஸில் பிறந்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள். என்னை யாரும் லுயிசெல்லா என்று கூப்பிடாத இடம் அது ஒன்றுதான். உள்ளே நுழைய வருஷ அட்டை வாங்கி, பர்ஸில் மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன்.

அவளும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறாள் என்று அந்த மூலையில் நின்று எட்டிப் பார்த்தபோது புரிந்தது. பக்கத்தில் ஒரு ஆள். அறுபதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, பழைய மழைக்கோட்டு. ஒரு ஆரஞ்சைத் தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருந்தார். அண்ணி அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் கழுத்துத் துணியால் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்தாள். தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள். காற்று அதை அவர் முகத்தில் அடித்தது. கீழே ஊரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகும் நேர்த் தெரு, அதற்கு அப்பால் கடல், வெசுவியஸ் மலை. அவர்கள் எதையும் பார்க்கவில்லை. நான் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, மின்தூக்கிக்குக் காத்திருக்காமல், வெறுங்காலோடு சரிவுப் பாதையில் இறங்கினேன்.

அன்று இரவு அம்மாவைப் புரட்டும்போது நான் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. படுக்கைப் புண் வராமலிருக்க இரவில் இரண்டு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அம்மா கனத்த உடம்புக்காரி. ஒருவர் அடித்துணியை இழுக்க வேண்டும், இன்னொருவர் இடுப்பில் கைகொடுத்துத் தள்ள வேண்டும். சொல்லிக்கொள்ளாமலே எங்கள் நான்கு கைகளுக்கும் அது பழகிவிட்டது.

"லுயிசெல்லா கை ஐஸு மாதிரி இருக்கு. நீ தள்ளு எர்சிலியா, அவ இழுக்கட்டும்" என்றாள் அம்மா.

"முதுகு வைத்தியர் கைய மட்டும் விட்டுட்டாரு போல" என்றாள் அண்ணி.

நான் அடித்துணியை இழுத்தேன். கோபமாகத்தான் இருந்தது. அண்ணனுக்காகக் கோபப்படுகிறேன் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். சுவரில் அவன் படத்துக்குக் கீழே சின்ன மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி படுத்திருந்தபோது அது உண்மையில்லை என்று தெரிந்தது. அண்ணன் நல்லவன்தான், ஆனால் யாருடைய மூக்குக்கண்ணாடியையும் அவன் துடைத்ததில்லை, அவனுடையதை யாரும் துடைக்க விட்டதுமில்லை. எனக்கு இருந்தது பயம். அவள் போய்விட்டால் இந்தக் கட்டிலின் இரண்டு பக்கமும் நானே நிற்க வேண்டும்.

அடுத்த வியாழக்கிழமை நான் சாந்தெல்மோவுக்குப் போகவில்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முட்டைக் கோட்டையைப் பழுதுபார்க்க மூடியிருந்தார்கள். அதனால் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் கோட்டைக்குப் போனேன். ஐந்து கறுத்த கோபுரங்கள், இரண்டுக்கு நடுவே தப்பிப் பிறந்த பிள்ளை மாதிரி ஒரு வெள்ளைப் பளிங்கு வளைவு. அதன் உள்முற்றத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் நின்றது. நகரசபைக் கல்யாணங்களை அங்கேதான் ஒரு கூடத்தில் வைத்து நடத்துகிறார்கள். மணப்பெண் படியிறங்கி வர, உறவுக்காரர்கள் அரிசியை வாரி வாரி எறிந்துகொண்டிருந்தார்கள். புறாக்கள் கால்களுக்கு இடையில் ஓடின. வேடிக்கை பார்க்கிறவர்களோடு நானும் தூண் ஓரமாக நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே தலைகள் தள்ளி, அந்த மழைக்கோட்டு.

"நமக்கு அரிசி போட யாரு வருவா எர்சிலியா?" என்று அவர் கேட்டார்.

"என் நாத்தனா வருவா. ஆனா கல்லோட வருவா."

அவர் சிரித்தார். அவளும் அந்தக் குறட்டைச் சிரிப்பு சிரித்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, ஒதுங்கிப் போயிருக்கலாம். "கல்லு கனமா இருக்குன்னு வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன் அண்ணி" என்றேன்.

அவள் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றினார். வணக்கம் சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போலவே நின்றோம்.

"உனக்கு முதுகு வைத்தியம்னு சொன்னியே" என்றாள் அண்ணி கடைசியில்.

"உனக்கு சலவைக் கடைன்னு சொன்னியே."

"இவர் ரைமோந்தோ. மலைக்குப் போற கயிற்று ரயில்ல கார்டா இருந்தவரு."

"நான் போய் காபி வாங்கிட்டு வர்றேன்" என்றார் ரைமோந்தோ. "சர்க்கரை எவ்வளவுன்னு..." என்று என்னைப் பார்த்துத் தொடங்கியவர், பதிலுக்குக் காத்திருக்காமல் வேகமாக நடந்தார்.

நாங்கள் சுவரோரக் கல் திண்டில் உட்கார்ந்தோம். எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு வருஷம் என்றாள். அவர் தன் மகளின் குடும்பத்தோடு இருக்கிறார், இவள் எங்களோடு இருக்கிறாள். ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தால்கூட மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் கோட்டை கோட்டையாகச் சுற்றுகிறார்கள். மழை பெய்தால் நிலவறைகள், வெயில் அடித்தால் கொத்தளங்கள். "நார்மன் ராஜா, ஸ்பெயின் ராஜான்னு எல்லாம் எனக்கு இப்ப அத்துப்படி" என்றாள்.

"கட்டிக்கப் போறியா?"

"அவர் கேக்குறாரு. மக வேலைக்காக வடக்கே தொரீனோவுக்குப் போகுதாம், வீடு காலியாகுது. நான்தான் பதில் சொல்லல."

"அம்மாவுக்காகவா?"

"ராத்திரி புரட்ட ரெண்டு பேரு வேணும்ல" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. கடையில் சோப்பு தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். பிறகு என்னை ஒருமாதிரி பார்த்தாள். "நீ யாரோட வர்ற?"

"யாரோடயும் இல்ல."

"மறைக்காத லுயிசெல்லா. நானே இப்படி நிக்கறேன், நான் போய் யார்கிட்ட சொல்லப் போறேன்."

"நெசமாத்தான். தனியா வருவேன், உக்காருவேன், தரல்லி தின்னுட்டு எறங்கிடுவேன்."

அவள் நம்பினாள். நம்பியதும் அவள் கண் கலங்கியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் யாரோ ஒருவனோடு வந்திருந்தால் அவள் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டாள். போ, கட்டிக்கொள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்கு மேலே வரவில்லை. "வர்ற வியாழக்கிழமை ஊருக்கு வெளியில பாயா கோட்டைக்குப் போங்க" என்றேன். "காலையிலயே கிளம்பி முழு நாளும் இருந்துட்டு வாங்க. பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிட்டு நான் வீட்ல இருக்கேன்."

அது அனுமதியா, தவணையா என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை அவள் நீலக் கவுன் போட்டுக்கொண்டு, சலவைக் கடைக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அம்மாவுக்குச் சூப்பு கொடுத்தேன், முகம் துடைத்தேன். நாலு மணிக்கு மேல் பார்த்தபோது அடித்துணி நனைந்திருந்தது. நாங்கள் வெளியே போகும்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மேல்மாடி ரீத்தாதான் வழக்கமாக ஒரு கை கொடுப்பாள், அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். என்னால் தனியாக முடியுமா என்று பார்க்கவும் ஒரு ஆசை இருந்தது. துணியை என் பக்கம் இழுத்தேன். அம்மா உருண்டாள். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உருண்டாள். நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினேன். கனம் தாங்காமல் முழங்கால் மடிந்து, அவளும் நானும் துணியும் தலையணையுமாக மெதுவாக வழுக்கித் தரையில் வந்து உட்கார்ந்தோம்.

"அடி பட்டுச்சா?" என்றேன்.

"உன் மேலதான விழுந்தேன். உனக்கு?"

"இல்ல."

இரண்டு தடவை தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. பால்கனிக்குப் போய்க் குரல் கொடுக்கலாம் என்று எழுந்தேன். அம்மா வலது கையால் என் பாவாடையைப் பிடித்தாள். "தெருவக் கூப்பிடாத. நான் தரையில கெடக்கறதப் பாக்க தெருவே ஏறி வரும்." கொஞ்சம் பொறுத்து, "எர்சிலியாவக் கூப்பிடு. கடை பக்கத்துலதான இருக்கு" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. "அவ கடையில இல்லம்மா. பாயாவுக்குப் போயிருக்கா, கோட்டை பாக்க."

"கோட்டையில அவளுக்கு என்ன இருக்கு?"

"ஒருத்தர் கூடப் போயிருக்கா."

அம்மா சுவரைப் பார்த்தாள். தரையிலிருந்து பார்க்கும்போது அண்ணனின் படம் ரொம்ப உயரத்தில் இருந்தது. அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். கத்துவாள் என்றும் காத்திருந்தேன்.

"எப்படிப்பட்டவன்?"

"கயிற்று ரயில்ல கார்டா இருந்தவரு. ஆரஞ்சு நல்லா உரிக்கறாரு."

"அனியெல்லோவுக்கு உரிக்கத் தெரியாது" என்றாள் அம்மா. "நாப்பது வயசு வரைக்கும் நான்தான் உரிச்சுக் குடுத்தேன். அப்புறம் அவ உரிச்சுக் குடுத்தா." அவள் வாயின் ஓரம் துடித்தது. வலதுபக்க ஓரம்தான். அதை நான் துடைத்துவிட்டேன்.

தொலைபேசியில் அண்ணியின் குரலைவிடக் காற்றின் சத்தம்தான் முதலில் கேட்டது. கொத்தளத்தின் மேல் நிற்கிறாள் போலிருக்கிறது. அம்மாவுக்கு அடி இல்லை, தரையில் இருக்கிறாள், தூக்க முடியவில்லை என்றேன். இதோ கிளம்பிவிட்டேன் என்றாள். பின்னால் ரைமோந்தோ ஏதோ கேட்பதும், அவள் கையால் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு "வேண்டாம், நீங்க ஸ்டேஷன்லயே இறங்கிக்கோங்க" என்பதும் அரைகுறையாகக் கேட்டன.

"அண்ணி."

"சொல்லு."

"உன்னால மட்டும் ஆகாது. ரெண்டு பேரும் வாங்க."

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அவள் சரி என்றாளா என்று தெரியும் முன்பே இணைப்பு போய்விட்டது.

ரயில் பிடித்து அவர்கள் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கினேன், காலுக்குப் போர்வை போர்த்தினேன். வெளியே வெளிச்சம் மங்கியது, எதிர்வீட்டில் பூண்டு வதக்கும் வாசனை வந்தது. அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"சீப்ப எடு" என்றாள்.

"எதுக்கும்மா இப்ப?"

"வேத்து ஆம்பள வீட்டுக்குள்ள வரப் போறான். இந்தத் தலையோட உக்காந்திருக்கவா?"

சீப்பை எடுத்து வந்து பின்னால் மண்டியிட்டேன். அம்மாவின் முடி மெலிந்து போயிருந்தாலும் நீளம் குறையவில்லை. முன்நெற்றியிலிருந்து பின்னால் இழுத்துச் சீவினேன். தண்ணீர் தொட்டுச் சீவு என்றாள். தண்ணீர் தொட்டுச் சீவினேன். அப்போது கீழே மாடிப்படியில் காலடி கேட்டது. இரண்டு பேர். ஒருவர் வேகமாக, இன்னொருவர் அவசரமில்லாமல். முதல் மாடி, இரண்டாவது மாடி. எங்கள் கதவுக்கு வெளியே வந்து காலடிகள் நின்றன. கதவின் அடியில் படிக்கட்டு விளக்கின் மஞ்சள் கோடு தெரிந்தது. அது கொஞ்ச நேரம்தான் எரியும், அப்புறம் தானாக அணைந்துவிடும், மறுபடி எரிய யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். கோடு அணைந்தது. வெளியே யாரும் பொத்தானை அழுத்தவில்லை, கதவையும் தட்டவில்லை. அம்மா கண்ணை மூடி, கழுத்தை நேராக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினேன்.