சேர்க்காமல் போன அலாரம்

"உங்க அத்தான் போன்ல மூணு ஃபீச்சர் சொன்னாரா, நாலு சொன்னாரா?"

முதலாளி இப்படிக் கேட்டதும் நான் தரையைப் பார்த்தேன். அத்தான், என் அக்காவின் கணவர், எதிரே உட்கார்ந்திருந்தார். பிறந்து பதினாறே நாளான குழந்தை கக்கிய பால், அவர் சட்டைத் தோளில் காய்ந்திருந்தது.

மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளுக்கு எங்கள் அலுவலகம் ஒரு சின்னக் கருவி செய்கிறது. அதற்குள் ஓடும் புரோகிராம் அத்தான் எழுதியது. எல்லாருக்கும் எல்லாம் வேண்டியதில்லை என்பதால் வெப்பநிலையைக் காட்ட டிஸ்ப்ளே, பதிந்து வைக்க லாக், வெளியே அனுப்ப நெட்வொர்க், குளிர் குறைந்தால் கத்த அலாரம் என நான்கு வசதிகளைத் தனித்தனி ஃபீச்சராகப் பிரித்து வைத்திருந்தார். எழுதியதைக் கருவியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றும்போது, அதாவது கம்பைல் செய்யும்போது, எதைக் கேட்கிறோமோ அது மட்டும் உள்ளே போகும். கேட்காததை எழுதியதே கருவிக்குத் தெரியாது. பிழை என்றும் வராது. அத்தான் தன் மேசையில் நான்கையும் சேர்த்துத்தான் எப்போதும் ஓட்டிப் பார்ப்பார். அங்கே அலாரம் காதைத் துளைக்கும்.

நான் பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிறவள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்த என்னை அத்தான்தான் அங்கே சேர்த்துவிட்டார்.

அக்காவுக்கு வலி எடுத்த அன்று, சரக்கு ஏற்ற வண்டி வாசலில் நின்றது; கருவிகளுக்குள் புரோகிராம் இன்னும் போகவில்லை. அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்.

"என்ன ஊமைக்கோட்டான், லைன்ல இருக்கியா? என் கம்ப்யூட்டர்ல உக்காந்து, சொல்லச் சொல்ல டைப் பண்ணு. டிஸ்ப்ளே... லாக்... நெட்வொர்க். போட்டாச்சா? என்டரைத் தட்டு."

"அத்தான்..."

"சீக்கிரம்மா. டாக்டர் கூப்பிடுறாங்க."

நான் ஒட்டியிருந்த லேபிளிலேயே அலாரம் என்று இருந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு என்டரைத் தட்டினேன்.

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியில், விடுமுறை நாளில் குளிர்பெட்டி நின்றுபோனது. மருந்து எல்லாம் கெட்டுப் போகும்வரை எங்கள் கருவி மூச்சுக் காட்டவில்லை.

"நாலும் சொன்னேன் சார்," என்று அத்தான் சற்றுமுன் சொல்லியிருந்தார். "பழக்கம் இல்லாத பொண்ணு. பதட்டத்துல ஒண்ணை விட்டிருப்பா."

"யார் விட்டாங்களோ அவங்க இன்னைக்கே கிளம்பணும். ஆஸ்பத்திரிக்கு நான் பதில் சொல்லியாகணும்," என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "கேக்குறது காதுல விழுதா, இல்லையா?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் பெயர்ந்திருந்த பிளைவுட்டை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் போட்ட தையல் இன்னும் ஆறவில்லை. என் சம்பளத்தில் அந்த வீடு ஓடாது.

"நாலு," என்றேன். "நான்தான் ஒண்ணை விட்டுட்டேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சந்தேகம்னா ஒரு தடவை கேட்டிருக்கலாமேம்மா. நாளையிலேருந்து வர வேண்டாம்."

அத்தான் எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். எனக்காகக் கதவைப் பிடித்துக்கொள்ளக்கூட நிற்காமல் வெளியே போனார்.