நுரைக்கல் தெரு

எங்கள் தெருவின் நாற்பத்தொரு வீடுகளும் கடலில் மிதக்கும் ஒரே நுரைக்கல்லின் மேல் இருக்கின்றன. கடலடியில் நெருப்புக் குழம்பு நுரைத்துப் பொங்கியபோது, உள்ளிருந்த காற்று வெளியேறுவதற்குள் தண்ணீர் பட்டு இறுகிவிட்ட கல் அது. அகப்பட்டுக்கொண்ட அந்தக் காற்றுதான் எங்களைத் தாங்குகிறது. அதன் துளைகளில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவருகிறது. ஏறும்போது தரைக்கடியில் யாரோ எச்சில் விழுங்குவதுபோல் கேட்கும்.

திங்கட்கிழமை தெரு எழுத்தர் பரிசுத்தம் வந்து கல்லோரத்தில் அளவுகோலை இறக்கிப் பார்த்தார். தெரு இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. பிறகு என்னை எடை பார்த்தார்.

"போன மாசத்துக்கு இப்ப ஒன்றரைக் கிலோ கூட இருக்கே, செலஸ்டின்."

"மீன் நிறைய சாப்பிட்டேன்" என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். என் கணவர் சூசை தரையைப் பார்த்தார். நான்கு மாதமாக ஒளித்து வைத்திருந்தோம். தெருவில் இன்னோர் ஆளைக் கல் தாங்காது.

"வீட்டை அறுத்து விட்டுரணும்மா" என்றார் பரிசுத்தம்.

நுரைக்கல் சுலபமாக அறுபடும். எதிர்வீட்டு ரபேல் அண்ணன் ரம்பத்தோடு வந்தார். மதியத்துக்குள் எங்கள் வீட்டைச் சுற்றி அறுத்து முடித்தார். அவர் மனைவி ஒரு சட்டி சோற்றை எட்டி நீட்டினாள்.

"தரையில தண்ணி சிந்தாம பாத்துக்க."

"சரிக்கா" என்றேன். சட்டியை நான் வாங்கியதும் வீடு தெருவை விட்டு விலகி மிதந்தது.

அறுத்த பக்கமெல்லாம் துளைகள் திறந்து கிடந்ததால் தண்ணீர் வேகமாக ஏறியது. சூசை மெழுகுவர்த்திகளை உருக்கி அடைத்தார். மெழுகு தீர்ந்ததும் நான் மாவு பிசைந்து கொடுத்தேன். வாசற்படி ஏற்கெனவே நனைந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை என் வயிறு தட்டையாக இருந்தது. வலி இல்லை, ரத்தமில்லை. கட்டிலுக்கு அடியில் கல் கைக்குழந்தைபோல் விக்கியது.

"தண்ணி குடுத்துராத" என்றார் சூசை.

ஒரு சிட்டிகை சர்க்கரையைத் துளைக்குள் போட்டேன். சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. விக்கல் நின்றது. பிறகு பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. வீட்டைச் சுற்றிலும் குமிழிகள் எழுந்தன. நாங்கள் ஒரு விரல் இறங்கினோம்.

"பால் குடிக்கிற பிள்ளைக்கு ஏப்பம் வர்றது நல்லதுதான்" என்றார் சூசை. நான் தரையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தேன்.