ஏழாம் எண் பெண்ணின் சத்தியம்

1

இந்தக் கதை எனக்குக் காதுவழியாக வந்தது. கொலம்பியாவின் பசிபிக் கரையில் ஒரு துறைமுக ஊரில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஆய்வாளர்கள் பதிவுசெய்து வரும் நேர்காணல்களைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. இருமலையும் விடமாட்டேன். அழுதால் சதுர அடைப்புக்குள் [அழுகிறார்] என்று போடுவேன். எவ்வளவு நேரம் என்று போடுவதில்லை. அதற்கு வழக்கமில்லை.

ஏழாம் எண் நேர்காணலையும் நான்தான் தட்டச்சு செய்தேன். இதில் எனக்கும் பங்கு உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நழுவப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், இளம் சமூகவியலாளர் யாமிலெத் ரியாஸ்கோஸ்—"

வேண்டாம். இங்கே எல்லாப் பிற்பகலும் மழைதான்.

அடுத்து: "யாமிலெத் கெட்டவள் அல்ல—" இப்படித் தொடங்கினால் இரண்டாவது வரிக்குள் அவளைக் கெட்டவள் என்று தீர்மானித்துவிடுவீர்கள். நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

யாமிலெத்துக்கு முப்பத்தொரு வயது. இதே ஊரில் பிறந்து, உதவித்தொகையில் தலைநகரில் படித்து, காணாமல்போனவர்களின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுக்காகத் திரும்பி வந்திருந்தாள். பட்டியலில் இருபத்திரண்டு தாய்மார்கள். ஏழாவது, எனெரியா. (பெயர் நான் வைத்தது.) அலையாத்திக் காட்டுச் சேற்றில் கைவிட்டுச் சிப்பி பொறுக்குகிறவள். நீருக்குமேல் கட்டைக்கால்களில் நிற்கும் பலகை வீடு. அவள் மகன் எல்கின், படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், நான்கு வருடம் முன்பு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. பத்தொன்பது வயது.

யாமிலெத் சம்மதப் படிவத்தை நீட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"உங்க பேரு எங்கயும் வராது, எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்னு எழுதியிருக்கும்மா."

"எம் பையன் பேரு?"

"அதுவும் வராது."

"ஆளு ஏற்கெனவே காணோம். இப்ப நீ வந்து பேரையும் காணாமப் பண்றேங்கிற. நல்லாருக்கு டாக்டரம்மா உங்க படிப்பு!" எனெரியா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். (படித்தவர்கள் எல்லாரும் இங்கே டாக்டர்தான்.)

நாற்பது நிமிடம் தாளில் இருந்த கேள்விகள். மகனைக் காணோம் என்ற செய்தி வந்தபோது என்ன உணர்ந்தீர்கள்? "என்னத்த உணர? மீனு கெட்டுப்போயிரும்னு கழுவி வச்சேன்." கேட்டுக்கொண்டிருந்த யாமிலெத்துக்குத் தன் கேள்விகளின்மேலேயே கூச்சம் வந்தது.

பிறகு எனெரியா சொன்னாள்: "அந்தப் பொட்டிய அணை."

யாமிலெத் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினாள். அது சரியாக அழுந்தவில்லை. அவள் கவனிக்கவில்லை. [உண்மையிலேயே கவனிக்கவில்லையா? இரண்டுமுறை கேட்டேன். இரண்டுமுறையும் அதே வார்த்தைகளில், அதே வரிசையில் பதில் சொன்னாள். அதற்குமேல் எனக்குத் தெரியாது.]

எனெரியா சொன்னதில் எழுதக்கூடியது இவ்வளவுதான். பிள்ளையைக் கூட்டிப்போனது, ஆயுதக் கும்பலில் சேர்ந்துவிட்ட பக்கத்து வரிசை வீட்டுப் பையன். அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். கொண்டுபோன இடம் அவளுக்குத் தெரியும்.

"வெட்டுப்பட்டுப் போன ரெண்டு விரல் மேல சத்தியமா, நானே போயிப் பாத்தேன் மகளே. மண்ணு புதுசா இருந்துச்சு. தெனமும் சேத்தைத் தோண்டுற கை இது. அன்னைக்குத் தோண்ட வரல."

அணைக்கச் சொன்னபிறகு பதினொரு நிமிடம்.

3

பதிவு ஓடியிருந்தது வீட்டுக்குப் போனபிறகுதான் யாமிலெத்துக்குத் தெரிந்தது. விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே நின்றது. ஆய்வு வழிகாட்டி கேட்டுவிட்டு, "உன் ஆய்வுக்கு உயிரே இங்கதான் இருக்கு" என்றார். அவள் அழிக்கவில்லை. 'பொட்டிய அணை' என்றதையும் அதற்குப் பிறகு வந்ததையும் நான் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

ஒளிக்கத் தெரிந்ததையெல்லாம் ஒளித்தாள். எனெரியா 'எண் ஏழு' ஆனாள். சிப்பி மீனானது, வயது ஏறியது, இடம் வேறானது, பக்கத்து வரிசைப் பையன் 'தெரிந்தவர்கள்' ஆனான். அந்தச் சத்தியத்தை மட்டும் விட்டுவைத்தாள். அது அவ்வளவு அழகாக இருந்தது. ஓர் அத்தியாயத்துக்கே அதைத் தலைப்பாக வைத்தாள்.

(இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எனெரியாவுக்குப் பத்து விரல்களும் இருக்கின்றன. அவளுடைய உண்மையான சத்தியம் வேறு. அது இந்தப் பக்கங்களில் இல்லை. யாமிலெத் எல்லாவற்றையும் மாற்றி ஒன்றை விட்டாள். நான் எதை விட்டிருக்கிறேன்? இந்தக் கதையைப் பதினான்கு தடவை படித்துவிட்டேன். இன்னும் பயமாக இருக்கிறது.)

4

ஆய்வின் ஒரு பகுதி சிறு புத்தகமாக வந்தது. ஊர் வானொலியில் ஒரு காலைநேரம், அறிவிப்பாளர் நல்லெண்ணத்தோடுதான், அந்தச் சத்தியம் வரும் பக்கத்தை உருக்கமாகப் படித்தார். மீன் சந்தையில் கத்தியை நிறுத்திவிட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஏய், இந்தச் சத்தியம் நம்ம எனெரியா மட்டும் வைக்கிறதுல்ல!"

"அவளேதான்டி. ரேடியோவுல வர்ற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டா பாரு!"

சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் இருட்டுவதற்குள் எனெரியாவின் வீட்டுக்கு இருவர் வந்தார்கள். ஒருவன் எல்கினைக் கூட்டிப்போன அந்தப் பையன். பழகிய வீடாதலால் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரேடியோவுல உங்க பேச்சு நல்லாருந்துச்சு அத்தை."

எனெரியா சிப்பிக்கூடையைத் தரையில் இறக்கிவைத்தாள்.

"நாளைக்கு இந்நேரம் நாங்க வர்றப்ப வீடு காலியா இருந்தா எல்லாருக்கும் நல்லது."

கொடியில் காயாத துணிகளை ஈரத்தோடே மூட்டை கட்டிக்கொண்டு அவள் முதல் பஸ்ஸில் போனாள். மகள் சுலாய் போகவில்லை. அவள் புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை.

5

ஐந்து மாதம் கழித்து, சுலாயிடம் விலாசம் வாங்கி, யாமிலெத் காலி என்ற பெருநகரத்துக்கு எனெரியாவைத் தேடிப்போனாள். ஒரு வரைவில் எனெரியா அவளை அறைந்தாள். இன்னொன்றில் கட்டிக்கொண்டு அழுதாள். அதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது, உடனே சந்தேகமும் வந்து கிழித்துப்போட்டேன். நடந்தது வேறு.

"உக்காரு டாக்டரம்மா. இன்னைக்கு நான் கேக்குறேன், நீ சொல்லு. அந்தப் பொட்டி அணையலன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"வீட்டுக்குப் போனப்புறம்."

"அழிச்சிருக்கலாம்ல?"

"அழிச்சிருக்கலாம்."

"ஏன் அழிக்கல?"

"நீங்க பேசினதுலயே அதுதான் உண்மையா இருந்துச்சும்மா."

"உண்மைதான். அதனாலதான அணைக்கச் சொன்னேன்."

பிறகு எனெரியா கேட்டாள்: "இன்னும் இருக்கா அது?"

"இருக்கு."

"அப்ப கொண்டுபோயி கவர்மெண்டு வக்கீல்கிட்டக் குடு. எடம் அதுல இருக்கு. தோண்டச் சொல்லு. வீடுதான் போச்சு, எம்புள்ளையாவது கெடைக்கட்டும்."

யாமிலெத் சரி என்று தலையாட்டினாள். ஊர் திரும்பியதும் நேராகச் சுலாயிடம் போய்ச் சொன்னாள். சுலாய் பலகைத் தரையில் உட்கார்ந்து வீங்கிய காலை நீவிக்கொண்டிருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம்.

"நீங்க குடுத்தா அவங்க மொதல்ல வர்றது இந்த வீட்டுக்குத்தான்க்கா."

"அப்ப நீயும் உங்கம்மாகிட்டப் போயிரு."

"அவரு வேலையை விட்டுட்டு எங்க போக? செத்தவன் அங்கயே கெடக்கட்டும். அண்ணன்மேல எனக்குப் பாசமில்லன்னு வேணா எழுதிக்குங்க. நீங்கதான் எழுதுவீங்களே."

6

பதிவைக் கொடுத்துவிட்டதாக ஒரு முடிவு எழுதினேன். தோண்டுகிறார்கள், எலும்பு கிடைக்கிறது. அடுத்த வாரம் சுலாயின் வீட்டுக்கு— அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அழித்துவிட்டதாக இன்னொரு முடிவு. அதில் குழந்தை பிறக்கிறது, பெண் குழந்தை. எனெரியா எந்நாளும் மகன் கிடைப்பான் என்று காத்திருக்கிறாள். அதையும் பாதியில் விட்டேன்.

அந்தப் பதினொரு நிமிடத்தை நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. என்னிடம் பிரதி இல்லை. ஆனால் யாமிலெத்திடம் இருக்கிறது. எனெரியா வாரந்தவறாமல் ஞாயிறன்று போன் செய்கிறாள். போன ஞாயிறு நானும் யாமிலெத்தின் அறையில் இருந்தேன். மறுமுனையில் குழாயடிச் சத்தம், பாத்திரங்கள், பிறகு அவள் குரல்.

"என்ன டாக்டரம்மா, குடுத்துட்டியா?"

யாமிலெத் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

இனி நீங்கள் சொல்லுங்கள். எனெரியா காத்துக்கொண்டிருக்கிறாள்.