ஒட்டி வைத்த மாவு

அந்த மே மாத மதியம் தாராவிப் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: என் தம்பி நயினார், அவன் மனைவி தங்கமயில், இட்லி வியாபாரி பூலோகம், நான். முதல் மாவுப் பொட்டலம் வெடித்தது. மாவு சுவரில் வழிந்தது. பிறகு இன்னொன்று வெடித்தது. அடுக்கில் மீதி இருந்தவை வயிறு உப்பி எங்களையே பார்ப்பது போல் இருந்தன.

தெருத்தெருவாக இட்லி விற்பவர்களுக்கு அன்றன்று மாவு அரைத்துக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். பத்து நாள் புளிக்காத மாவைப் பொட்டலத்தில் அடைத்து, நகரத்துக்கு வெளியே ஐரோலி வரை அனுப்ப நயினார் ஆசைப்பட்டான். ஏதேதோ பொடி கலந்து பார்த்தான். ஜனவரிக் குளிரில் மாவு கெடவில்லை. உடனே பெரிய கிரைண்டரை விற்றுப் பொட்டலம் ஒட்டும் இயந்திரம் வாங்கினான். இனிப் பத்து நாளைக்கு ஒருமுறை வெளியே மொத்தமாகக் கூலிக்கு அரைத்துக்கொண்டால் போதும் என்றான்.

"வெயில் காலத்தையும் பாத்துக்கிடுவோம். முதல்ல பூலோகம் அண்ணனுக்கு மட்டும் குடுங்க" என்று தங்கமயில் அப்போதே சொன்னாள்.

"பந்தியில ஒருத்தனுக்கு ஒண்ணு, அடுத்தவனுக்கு ஒண்ணு விளம்பச் சொல்லுதியா? நம்ம வீட்ல அந்த ஓரவஞ்சனை கிடையாது."

எல்லா வியாபாரிகளுக்கும் ஒரே நாளில் புது மாவு போனது.

இப்போது பூலோகம் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணாச்சி, செம்பூர்ல ஒரு பய வாங்கல. 'யே இட்லி ஹை யா ரப்பர்'னு, இட்லியா ரப்பரான்னு கேட்டுச் சிரிக்கான். மத்தவங்க நேத்தே வேற கடைக்குப் போயிட்டாவ. நானும் போறேன். கோவப்படாதீய."

"நாளைக்கே பழையபடி அரைச்சுத் தாரேன்வே!" என்றான் நயினார்.

"எதுல அரைப்பீய?"

நயினார் திரும்பிப் பார்த்தான். கிரைண்டர் நின்ற இடத்தில் தரை மட்டும் வட்டமாக வெளுத்துக் கிடந்தது.

பட்டறையைக் காலி செய்த பிறகும் அந்த வெடிச் சத்தம் நயினாரையும் தங்கமயிலையும் விடவில்லை. ரயிலில் யாராவது தண்ணீர் பாட்டிலை நசுக்கினால் தங்கமயில் அவன் கையைப் பிடிக்கிறாள். குக்கர் விசில் அடித்தால் அவன் சுவரைப் பார்க்கிறான்.

"புதுசா செஞ்சு பாத்தது தப்பில்லண்ணே" என்றான் ஒருநாள். "தோத்தா தாங்குற அளவுக்குச் செஞ்சு பாத்திருக்கணும். ஓடுற தொழிலைத் தொட்டிருக்கக் கூடாது. என்னை நம்புனவங்க பொழப்பையும் சேத்துல்லா பணயம் வச்சுட்டேன்."

நயினார் ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு ஓடிவிட்டதாகத் தாராவியில் பேசிக்கொள்கிறார்கள். அவன் ஓடவில்லை. மான்குர்த்தில் இன்னொருவர் கடையில் கூலிக்கு மாவு அரைக்கிறான்.