ஆறு மாதத் தவணை

அந்தப் பத்திரிகையை நான் ஆள் அனுப்புவதற்கு முன்னால் வாசித்தேனா, அனுப்பிய பிறகு வாசித்தேனா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. முன்னால்தான் என்று சில நாள் தோன்றும். அப்போது மேசைமேல் இருந்த மைக்கூடு, எதிர்க்கடை வாசலில் காயப்போட்டிருந்த சாக்குகள், தாளின் ஓரத்தில் இருந்த தேத்தண்ணீர்க் கறை எல்லாம் தெளிவாகத் தெரியும். பின்னால்தான் என்று வேறு சில நாள் தோன்றும். அப்போதும் அதே மைக்கூடு, அதே சாக்கு, அதே கறை. இரண்டு நினைவுக்கும் ஒரே சாமான்களைத்தான் மனது எடுத்து வைக்கிறது. ஏழு வருஷமாகிவிட்டது. இனி அது தெளியுமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த 1922ஆம் வருஷம் நான் பதுளைக் கடைவீதியில் புரொக்டர் சண்முகராஜாவிடம் குமாஸ்தாவாக இருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கையெழுத்து நன்றாக இருந்ததால் அந்த நாற்காலிக்கு வந்தவன். ஐயாவின் தகப்பனார் ராமநாதபுரத்திலிருந்து வந்து பதுளையில் துணிக்கடை வைத்தவர். ஐயா சட்டம் படித்தார். முந்தின வருஷம் ஊவாவிலிருந்து சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். வாக்கு எல்லோருக்கும் கிடையாது. எழுத வாசிக்கத் தெரிந்து, வருஷத்தில் அறுநூறு ரூபாய் வருமானமும் காட்டவேண்டும். மலையில் கொழுந்து எடுக்கிற ஆயிரம் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் வாக்கில்லை. அவர்களைக் காலையில் பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பேர் சொல்லி வேலைக்கு அனுப்புகிற பெரிய கங்காணிமாருக்கு இருந்தது. கடைக்காரருக்கும் கிராமத்துப் பெரிய வீட்டுக்காரருக்கும் இருந்தது. ஐயாவை அவர்கள் தெரிந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்.

எனக்குத் தெரியும். சொல்லாமல் வேலையை விட்டுப்போன கூலியாளைப் பிடித்துச் சிறையில் வைக்கலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. அப்படி ஒரு வழக்கு முடிந்து கோர்ட்டிலிருந்து வந்த ஒரு மத்தியானம் அவர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "வேலை பிடிக்கலேன்னு ஒருத்தன் போறது குத்தமா பொன்னையா? நான் போனா என்னைப் புடிச்சு உள்ள வைப்பாங்களா?" என்றார். சொல்லிவிட்டு, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். அவர் அரசியல் முழுவதும் எனக்கு அந்தத் திரும்பிப் பார்த்தலில் இருக்கிறது. அவருடைய மனைவி விசாலாட்சி அம்மா இதையே வேறு விதமாகச் சொல்வார். "இட்லி ஊத்தவா, தோசை ஊத்தவான்னு கேட்டா, மாவு இன்னும் கொஞ்சம் புளிக்கட்டும்ங்கிறார். நான் யாரைப் பார்த்து அழுவேன்?"

அந்தச் சிறை விதியை எடுத்துவிடும் மசோதா அந்த வருஷம் சபைக்கு வந்தது. எனக்கு அது வெறும் மசோதா அல்ல. என் அக்கா மாரியாயி ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் வெள்ளைக்கல் தோட்டத்தில் இருந்தாள். அவள் புருஷன் அழகையா, பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் தாய் சாகக் கிடக்கிறாள் என்று கேட்டு, போய்வர நாள் கேட்டார். கொழுந்து கொட்டிக்கொண்டிருந்த சித்திரை மாதம். முருகையா கங்காணி கொடுக்கவில்லை. அழகையா கேளாமல் போய், தாயை அடக்கம் செய்து, காரியம் முடித்துப் பதினோராம் நாள் திரும்பி வந்தார். தோட்டத்து எல்லையிலேயே ஒருவர் சொன்னார், உன் பேரில் பிடிவிறாந்து வந்திருக்கிறது என்று. மச்சான் லயத்துக்குள் கால் வைக்கவில்லை. அப்படியே நடந்து வெலிமடைக்குப் போய், ஒரு சிங்களவருடைய கிழங்குத் தோட்டத்தில் மண் கொத்திக்கொண்டிருந்தார்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைக்கு வருவாள். நான் வேலை செய்த கந்தோர் வாசற்படியில் உட்கார்ந்து, தலையில் போட்டிருந்த துணியை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொள்வாள்.

"எப்பத் தம்பி சட்டம் மாறும்?"

"சீக்கிரம் மாறும்க்கா."

"சீக்கிரம்னா? எத்தன ரவுண்டு?"

ஒரு செடியில் கொழுந்து எடுத்தால் ஒன்பது பத்து நாள் கழித்து மறுபடி அதே செடிக்கு வருவார்கள். அவளுக்கு அதுதான் நாட்காட்டி. நான் மனதில் கணக்குப் போட்டுப் பார்த்து, "எட்டு ரவுண்டுக்குள்ள" என்றேன். அவள் விரலை மடக்கினாள். கட்டை விரல் நகம் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தது.

மசோதா வருமுன் முருகையா கங்காணி கந்தோருக்கு வந்தார். கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. அந்தப் பக்கத்துப் பெரிய கங்காணிமாரில் நாற்பது பேர் அவர் சொன்ன இடத்தில் வாக்குப் போடுவார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு வாக்காளர் பத்திரம் நிரப்பிக் கொடுத்ததே நான்தான். ஐயாவுக்கு உதவுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்திருக்கிறேன்.

"சபையில நல்லாப் பேசுங்க ஐயா. நாலு பேரு கைதட்டட்டும்," என்றார் கங்காணி. "ஆனா செறைய எடுத்துட்டாங்கன்னா, மறுநாள் பெரட்டுக்கு நானும் கணக்கப்பிள்ளையும்தான் நிப்போம். ரெண்டு பேரும் ஒருத்தர் பேர ஒருத்தர் கூப்புட்டுக்க வேண்டியதுதான்."

ஐயா சிரித்தார். "காலம் மாறுதில்லையா கங்காணி?"

"மாறட்டுங்க. என் பேரன் காலத்துல மாறட்டும்."

"அவ்வளவு தூரம் போகாது. அந்த அழகையா மேல உள்ள பிராதையாவது எடுத்துடுங்களேன்."

கங்காணி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அழகையா எனக்கு யார் என்று அவருக்குத் தெரியும். பிரம்பின் பூணைத் துடைத்துக்கொண்டே, "அது தொரை குடுத்த பிராது. இருந்தாலும், ஒரு வருஷம் தவணை வாங்கிக் குடுங்க. சட்டம் அதுக்கப்பறம் நடைமுறைக்கு வரட்டும். அழகையா காரியத்த நான் தொரைகிட்டப் பேசிக்கிறேன்" என்றார்.

"பார்ப்போம்," என்றார் ஐயா.

இதை நான் அதே அறையில் உட்கார்ந்து கேட்டேன். ஐயா சபைக்குக் கொண்டுபோன குறிப்பை நான்தான் நகல் எடுத்தேன். அதில் தவணை என்று ஒன்றும் இல்லை. ஆகவே 'பார்ப்போம்' என்றால் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து வருஷம் அவரிடம் வேலை செய்தவன், அவருடைய 'பார்ப்போம்' எப்போதும் பாதி என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆடி மாதம் ஐயா பண்டாரவளை வரை மோட்டாரிலும் அங்கிருந்து ரயிலிலும் கொழும்புக்குப் போனார். நான்காம் நாள் கந்தோருக்குத் தந்தி வந்தது. 'நிறைவேறியது. எல்லோருக்கும் திருப்தி.' அவ்வளவுதான். மற்ற வேலைகளுக்காக அவர் ஒரு மாதம் கொழும்பிலேயே தங்கிவிட்டார்.

நான் உடனே ஆள் அனுப்பவில்லை. இதைச் சொல்லவேண்டும். கவர்னர் கையெழுத்துப் போடவேண்டும் என்று இரண்டு ரவுண்டு பொறுத்தேன். ஜாக்கிரதையாக இருக்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பிறகு வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் வண்டிக்காரரிடம், மச்சானை வரச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இங்கேதான் அந்தப் பத்திரிகை வருகிறது. கொழும்புப் பத்திரிகையின் உள்பக்கத்தில், மசோதா நிறைவேறிய செய்தியின் கடைசியில், 'ஊவா அங்கத்தவர் முன்வைத்த சிறு திருத்தத்துடன்' என்று இருந்தது. என்ன திருத்தம் என்று போடவில்லை. ஐயா எந்த மசோதாவிலும் சிறு திருத்தம் வைக்காமல் இருந்ததில்லை. ஒரு கால்புள்ளியையாவது நகர்த்துவார். நான் தாளை மடித்து வைத்துவிட்டேன். வண்டிக்காரர் போவதற்கு முன்னால் மடித்தேனா, பின்னால் மடித்தேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நடந்ததை அக்கா சொன்னாள். மச்சான் சனிக்கிழமை பொழுது சாயும்போது லயத்துக்கு வந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை தப்புப் பறை அடித்ததும், குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பெரட்டுக் களத்தில் போய் வரிசையில் நின்றிருக்கிறார். கங்காணி பேர் கூப்பிடுவார். 'ஏன்' என்று, அதாவது இருக்கிறேன் என்று, பதில் கொடுத்தால் அந்த ஆள் அன்றைக்குத் தோட்டத்து ஆள். கூப்பிடாத பேருக்கு வேலையும் இல்லை, இடமும் இல்லை. முருகையா கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, மச்சானுக்கு முன்னால் நின்றவரையும் பின்னால் நின்றவரையும் கூப்பிட்டு, புத்தகத்தை மூடினார்.

"சட்டம் மாறிருச்சுங்களே," என்று மச்சான் சொன்னாராம்.

"மாறிருச்சு. தையில இருந்து. இது ஆவணி," என்றாராம் கங்காணி.

மத்தியானத்துக்குள் பொலீஸ் வந்துவிட்டது.

ஐயா அந்த வாரக் கடைசியில் திரும்பினார். வெயிலில் கறுத்து, சந்தோஷமாக இருந்தார். எனக்கு ஒரு பேனா வாங்கி வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பேனா டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசம் போட்டேன் பொன்னையா," என்றார் கடைசியில். "அவங்க ஒரு வருஷம் கேட்டாங்க. சபையில இருந்த கொழும்புக்காரங்க இன்னைக்கே வேணும்னாங்க. ஆறு மாசம் போடலேன்னா மசோதாவே விழுந்திருக்கும்."

"நான் எழுதின நகல்ல இல்லீங்களே."

"அங்க எந்திரிச்சு நின்னப்பச் சேர்த்தேன்."

"கங்காணிக்குத் தெரிஞ்சிருக்குங்க."

"அவருக்குத் தந்தி அடிச்சேன்." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்கு நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

பேனா டப்பாவை மேசைமேல் வைத்து என் பக்கம் நகர்த்தினார். எதிர்க்கடையில் யாரோ மூட்டை இறக்கினார்கள். மசோதா விழுந்திருக்குமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. விழுந்திருக்கலாம். அவரைத் திட்டவேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தச் சந்தேகம் குறுக்கே வந்து நிற்கும். ஆறு மாதம் கொடுத்ததில் கங்காணிமாருக்கும் திருப்தியில்லை. ஒரு வருஷம் கேட்டோமே என்று பிராதை எடுக்காமல் அப்படியே வைத்துவிட்டார்கள்.

வழக்கில் ஐயா காசு வாங்காமல் ஆஜரானார். நன்றாகத்தான் பேசினார். நீதவான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மார்கழி முடியும்வரை பழைய சட்டம்தான், இது கனம் அங்கத்தவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்குமே என்றார். ஒரு மாதம் கடூழியச் சிறை. வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்த அக்காவிடம் ஐயாவே போய்ச் சொன்னார்.

"மூணு மாசம் போட்டிருக்கலாம்மா. பேசி ஒரு மாசமாக் குறைச்சிருக்கு."

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டு நின்றாள். "ஐயா புண்ணியத்துல மூணே மூணு ரவுண்டுதாங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அவள் நன்றி சொல்கிறாள் என்று நினைத்தாரா என்பதை நான் அவர் முகத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

ரயில் பதுளைக்கு வரப்போகிறது என்று அப்போது ஸ்டேசனுக்குப் போகும் ரோட்டை அகலமாக்கிக்கொண்டிருந்தார்கள். சிறையிலிருந்த மறியல்காரர்களையும் கல் உடைக்க விட்டிருந்தார்கள். ஒருநாள் ஐயாவுடன் மோட்டாரில் அந்த வழியாகப் போனேன். கல்குவியலுக்குப் பக்கத்தில் மச்சான் குந்தியிருந்தார். வண்டி வருவதைக் கண்டதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தோட்டத்தில் துரை போனால் ஒதுங்குவதைப்போல ஓரமாக ஒதுங்கிக் கும்பிட்டார். ஐயாவின் வலது கை நெஞ்சுவரை எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மடிக்கு இறங்கியது. வண்டி முழுக்க வெள்ளைத் தூசி.

1924இல் ரயில் வந்தது, தேர்தலும் வந்தது. ஐயா கூலிகளின் ஆள் என்று கங்காணிமார் சொன்னார்கள். கங்காணிமாரின் ஆள் என்று கொழும்புக்காரர்கள் சொன்னார்கள். நான் பத்திரம் நிரப்பிக் கொடுத்த கங்காணிமார் வாக்குப் போட வந்தபோது என்னைக் கண்டு அன்பாக நலம் விசாரித்தார்கள். ஒருவர் வெற்றிலைகூடக் கொடுத்தார். எல்லோரும் எதிராளிக்கே போட்டார்கள். முடிவு தெரிந்த அன்று ஐயா, "ரெண்டு பக்கமும் திட்டுறாங்கன்னா நான் சரியாத்தான் நடந்திருக்கேன், இல்லையா?" என்று கேட்டார். நான் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்தும் துடைத்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

சண்முகராஜா ஐயா இப்போது பத்திரம் எழுதுகிறார். ஊர்த் தண்ணீர்க் குழாய்க் கமிட்டியில் இருக்கிறார். விசாலாட்சி அம்மா மாமனாருடைய துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். முருகையா கங்காணிக்குக் கண் மங்கிவிட்டது. பேர்ப் புத்தகத்தை மகன் வாசிக்கிறான், அவர் பக்கத்தில் நிற்கிறார். சிறை விதி சொன்னபடியே தை மாதம் போனது. மச்சான் அதே லயத்தில்தான் இருக்கிறார், காலையில் அவர் பேரைக் கூப்பிடுகிறார்கள். என்னிடம் அவர் ஒன்றும் கேட்டதில்லை. நான் ஐயாவை விட்டு வந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பேனா என்னிடம் இருக்கிறது. அக்கா இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். வாசற்படியில் உட்கார்ந்து, தலைத்துணியை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, மழையைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் பேசுகிறாள். எத்தனை ரவுண்டு என்று மட்டும் கேட்பதில்லை.