சுவரை மூடும் முன்

ஆய்வுக்கு வருகிறவர் காலையில் வருவார், இல்லாவிட்டால் மதியம் வருவார், எப்படியும் செவ்வாய்க்கிழமை வந்துவிடுவார் என்று கட்டட அனுமதி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். இதைச் சொல்வதற்கு ஒரு அலுவலகம், அதில் ஒரு தொலைபேசி, அதை எடுக்க மூன்று பேர்! பெரியவன் விடிந்ததிலிருந்து வாசலுக்கும் பின்பக்க அறைக்குமாக நடையாய் நடந்துகொண்டிருந்தான். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். நிற்காமல் போனால் தெருமுனை வரை போய்ப் பார்த்தான்.

“ஏங்க, நீங்க நடக்கற நடைக்குத் தரை தேஞ்சு போயிடும். அப்புறம் அதுக்கும் ஒரு அனுமதி வாங்கணும். கொஞ்சம் உக்காருங்க,” என்றாள் மனைவி.

“நீ பேசுவே. அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டது நான்தானே?”

“கையெழுத்துப் போட்டீங்க, சரி. படிச்சீங்களா?”

அவன் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்து முறுக்கினான். அவன் தையல்காரன், கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. அந்த நாடா குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும்தான் கழுத்தை விட்டு இறங்கும்.

வீட்டில் அவன் பெரியவன். அவனுக்கு ஒரு வயது இளைய தம்பி சின்னவன். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் சான்றிதழில் இருப்பதோடு சரி. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே தோள், ஒரே இடுப்பு. அம்மா துணி எடுக்கப் போனால் பெரியவனை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போவாள். அவனுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “இதுலயே ரெண்டு குடுங்க” என்பாள். பிறகு தையல் கற்றுக்கொண்ட பெரியவனும் அப்படியே. ஊருக்கெல்லாம் நாடா போட்டு அளந்தவன், தம்பி மேல் ஒருநாளும் நாடா போட்டதில்லை. தன்னை அளந்தே இரண்டு சட்டையாக வெட்டிவிடுவான்.

அந்தச் சின்னவன்தான் கடை ஒன்றுக்குப் பெயர்ப்பலகை மாட்டும்போது ஏணி சறுக்கி விழுந்தான். முதுகில் அடி. கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. “நடக்கலாம், நடக்காமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம்” என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெரியவன் முதல் வார்த்தையைக் கேட்டான். மற்றது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

மருத்துவமனையில், வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைப் பார்க்கிற பெண் ஒளிவுமறைவு இல்லாதவள். “வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க வீட்டு அறைக்கு இறுதி ஒப்புதல் வந்துட்டா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வரலேன்னா ஊருக்கு வெளிய இருக்கற பராமரிப்பு இல்லத்துல ஒரு படுக்கை காலியா இருக்கு, அங்க அனுப்பிடுவோம். இங்க இடம் இல்ல சார்.” அந்த இல்லத்தைப் பெரியவன் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தான். நீளமான கூடம், வரிசையாகப் படுக்கைகள், சத்தமில்லாத தொலைக்காட்சி. திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

அதனால்தான் இந்த அவசரம். வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் கொட்டகையை அறையாக மாற்றி, ஒரு குளியலறையும் சேர்த்துக் கட்டினார்கள். மரச்சட்டம் நிறுத்தி, அதற்குள் ஒயரும் குழாயும் ஓட்டி, இரண்டு பக்கமும் பலகை அடித்து மூடுகிற சுவர். அனுமதிச் சீட்டு பிளாஸ்டிக் உறைக்குள் முன் சன்னலில் ஒட்டியிருந்தது. அதில் இரண்டு ஆய்வு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒன்று, சுவரை மூடும் முன். இன்னொன்று, எல்லாம் முடிந்த பின்.

மனைவி அதை அன்றைக்கே படித்துக் காட்டினாள். நம்மாள் கேட்டால்தானே! “அது எல்லாருக்கும் பொதுவா போடறது. ஒரேயடியா முடிச்சு வச்சிட்டா, வர்றவங்க ஒரே நடையில ரெண்டையும் பாத்துட்டுப் போயிடுவாங்க,” என்றான். ஒரே கல்லில் இரண்டு மாங்காயாம். மேஸ்திரியோ எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். “மூடிடலாமா சார்?” என்று கேட்டார். “மூடுங்க. ஒரு அதிகாரி வர்ற இடம், ஒயரும் குழாயும் எலும்பும் தோலுமா தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? லட்சணமா இருக்கட்டும்,” என்றான் பெரியவன். மூடினார்கள். குளியலறையில் ஓடு பதித்தார்கள். வெள்ளையும் அடித்தார்கள். விருந்தாளிக்கு வீட்டைத் துடைத்து வைப்பதுபோல் அந்தச் சுவரை அவன் துடைத்து வைத்திருந்தான்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

வந்தவர் ஒரு பெண். நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார். கையில் டார்ச், கக்கத்தில் வரைபடம். காலணிக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு அறைக்குள் நுழைந்தவர், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“வெள்ளையெல்லாம் அடிச்சிருக்கீங்க.”

“ஆமா மேடம். ரெண்டு தடவை.”

“அழகா இருக்கு. நான் உள்ள பாக்கணுமே.”

“தாராளமா பாருங்க மேடம், வாங்க உள்ள,” என்று அவன் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டான்.

“அதைச் சொல்லல. சுவருக்கு உள்ள.”

பின்னால் நின்ற மேஸ்திரி கூரையைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். பெரியவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மேடம், உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சத்தியமா. நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன்.”

“இருக்கலாம். எனக்குச் சுவர் வழியா கண்ணு தெரியாதே. அதனாலதான மூடறதுக்கு முன்னாடி கூப்பிடச் சொல்றோம்?” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது அவன் காலில் விழுந்திருப்பான்.

“மேடம், வெள்ளிக்கிழமை என் தம்பி வர்றான். இது இல்லேன்னா அவனை இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. அவன் நடக்கமுடியாத... இப்போதைக்கு நடக்கமுடியாத ஆளு. எல்லாம் அவனுக்குத்தான் கட்டினது. இந்தக் கம்பியப் பாருங்க, அவன் பிடிச்சு எழுந்திருக்க. சும்மா இரும்பு மாதிரி நிக்குது.”

அதோடு விட்டிருக்கலாம். விட்டானா மனுஷன்? கழிப்பறை இருக்கையின் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். “பாருங்க மேடம்” என்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டு எழுந்தான்.

பாதி எழுந்தபோது சுவர் முனகியது. அடுத்த கணம் கம்பி இரண்டு ஓடுகளோடு கையோடு வந்துவிட்டது. பெரியவன் பக்கவாட்டில் சரிந்து, தோள் சுவரில் இடிக்க, ஈரம் காயாத தரையில் பொத்தென்று உட்கார்ந்தான். ஓட்டுச் சில்லுகள் மடியில் விழுந்தன.

“ஐயோ!” என்று மனைவி ஓடிவந்தாள். “அடிபட்டுச்சா?”

அங்கே உட்கார்ந்திருப்பது தான் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. சின்னவன் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, இதே தரையில், எழ முடியாமல் கிடப்பது தெரிந்தது.

ஆய்வாளர் குனிந்து, சுவரில் விழுந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். “வெறும் பலகை. கம்பிக்குப் பின்னால குறுக்குக் கட்டை போட்டு, அதுல திருகணும். வரைபடத்துல இருக்கே, மேஸ்திரி?”

“போட்டேன் மேடம்! என் கையால போட்டேன்!” மேஸ்திரி ஓடிப்போய்ச் சுத்தியலைக் கொண்டுவந்து, கம்பி இருந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே பலகையைப் பிளந்தார். கனமான குறுக்குக் கட்டை ஒன்று இரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. “இதோ. சார் காட்டின இடம். ஓடு பதிச்சவன் வரைபடத்தைப் பாத்துக் கம்பியக் கீழ மாட்டிட்டான்.”

“நீங்க ஏன் அங்க காட்டினீங்க?” என்று ஆய்வாளர் பெரியவனைக் கேட்டார்.

அவனுக்கு அந்த நாள் நினைவு வந்தது. சுவர் எழும்பாத குளியலறையில் நின்று, தம்பி எப்படிக் கை நீட்டுவான் என்று கண்ணை மூடி யோசித்து, கையை நீட்டி, “இங்க வைங்க” என்று சொன்னான். நின்றுகொண்டு சொன்னான். அம்மா துணிக்கடையில் செய்ததையே அவனும் செய்திருந்தான். அவனுக்குச் சரியாக இருந்தால் தம்பிக்கும் சரி.

“நான் நின்னு அளந்தேன் மேடம்,” என்றான்.

அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒயர், குழாய், இந்தக் கம்பி, மூணு இடத்துலயும் பலகையை எடுத்துடுங்க. நாளைக்குச் சாயந்தரம் பக்கத்துத் தெருவுக்கு வர்றேன். திறந்திருந்தா பாக்கறேன். மூடியிருந்தா வண்டிய நிறுத்தவே மாட்டேன். வரைபடத்துல இருக்கறது பொதுவான உயரம், கொஞ்சம் ஏத்தி இறக்கிக்கலாம். உக்காரப் போறவரைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அந்த அறையைப் பற்றி ஊரையே கேட்டிருந்தான். உள்ளே இருக்கப்போகிறவனைக் கேட்கவில்லை.

அன்று மதியமே மருத்துவமனைக்குப் போனான். சின்னவன் சக்கர நாற்காலியில் சன்னலோரம் இருந்தான். அண்ணன் தைத்துக் கொடுத்த சட்டை தோளில் நிற்காமல் சரிந்திருந்தது. இந்தச் சட்டை எப்போது இவ்வளவு பெரிதானது என்று பெரியவன் திடுக்கிட்டான்.

“என்னண்ணா, ஃபெயிலா?”

“ஃபெயில்டா.”

எதையும் மறைக்கவில்லை. மூடியதைச் சொன்னான், கம்பி கையோடு வந்ததைச் சொன்னான், தான் விழுந்ததைச் சொன்னான். விழுந்த இடத்தில் சின்னவன் சிரித்துவிட்டான். “சரி, கட்டைய எங்க வச்சே?”

பெரியவன் எழுந்து நின்று, தன் இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினான். சின்னவனின் சிரிப்பு நின்றது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது நான் நின்னா வர்ற உயரம்.”

“ஆமாடா.”

“நான் நிக்கறேனா?”

பெரியவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

“வர்றவன் போறவன் எல்லாம் என் காலைப் பத்தித்தான் பேசறான். நீ ஒருத்தன்தான் ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறே,” என்றான் சின்னவன். “ஏண்ணா?”

“பேசினா நெசமாயிடுமோன்னு பயமா இருக்குடா.”

“எனக்குப் பயமில்லையா? ராத்திரி முழுக்கப் பயம்தான். ஆனா உன்கிட்ட சொல்ல முடியல. நீ எனக்கும் மேல பயந்துக்கிட்டு இருக்கே.” மூக்கை உறிஞ்சினான். “நாடா கொண்டாந்தியா?”

பெரியவன் கழுத்தைத் தடவினான். பேருந்தில் அத்தனை பேருக்கு நடுவே அதை மாலைபோல் போட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.

“அப்ப அள. பொறந்ததுலேர்ந்து உன் அளவுதான் எனக்கு. ஒரு தடவை என்னையே அள.”

பெரியவன் தரையில் மண்டியிட்டு நாடாவின் நுனியைத் தரையில் வைத்தான். சின்னவன் பக்கவாட்டில் கையை நீட்டினான். பெரியவன் நாடாவை உயர இழுத்தான்.

“இன்னும் கீழ. இன்னும் கொஞ்சம்... ஆங், இங்க. இங்க இருந்தா ஊன்றி நானே மாறி உக்காந்துக்குவேன். அண்ணா, எல்லாத்துக்கும் யாரையாவது கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். அந்த ஒரு இடத்துலயாவது யாரையும் கூப்பிடாம இருக்கணும்.”

“சரிடா. மேல வச்ச கட்டையைப் பிடுங்கச் சொல்லிடறேன்.”

“எதுக்கு? இருக்கட்டும், அதுலயும் ஒரு கம்பி மாட்டு. நான் எழுந்துட்டா பிடிச்சுக்கறேன். எழுந்திருக்கலேன்னா அண்ணி துண்டு போடட்டும்.”

பெரியவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தம்பியின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அந்த முழங்காலுக்கு அது தெரிந்ததோ இல்லையோ, சின்னவனின் கை அவன் தலைமேல் கிடந்தது.

மறுநாள் சாயந்தரம் பின்பக்க அறை எலும்பும் தோலுமாக நின்றது. ஆய்வாளர் ஒயரைப் பார்த்தார், குழாயைத் தட்டினார், கீழே புதிதாக வைத்த கட்டையைப் பிடித்து உலுக்கினார்.

“மேல இன்னொண்ணு இருக்கே?”

“கீழ இருக்கறது என் தம்பிக்கு மேடம். மேல இருக்கறது...” அவன் மேல்கட்டையில் கையை வைத்தான்.

அவர் அதையும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். “ரெண்டும் கெட்டியா இருக்கு. மூடிக்குங்க,” என்று சன்னல் சீட்டில் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரியும் ஓடு பதிக்கிறவரும் வீட்டுக்குக்கூடப் போகாமல் வேலை பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை காலை இறுதி ஆய்வு. இந்த முறை ஆய்வாளரே கம்பியில் தொங்கிப் பார்த்தார். அது அசையவில்லை. இரண்டாவது கையெழுத்தும் விழுந்தது.

அன்று மாலை சின்னவன் வந்தான். அறையை ஒரு சுற்றுச் சுற்றினான். நேராகக் குளியலறைக்குள் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். பெரியவன் கதவோரம் நின்றான். உள்ளே நாற்காலியின் பிரேக் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த முனகல் இதோ வரப்போகிறது, ஓடு உதிரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

பெருமூச்சு ஒன்று. துணி உரசும் சத்தம். உடம்பு ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறி, மெல்ல உட்காரும் சத்தம்.

“அண்ணா.”

“என்னடா? விழுந்துட்டியா? வரட்டா?”

“நான் உன்னைக் கூப்பிடலையே. எதுக்கு அங்க நிக்கறே? போ.”

“போறேன்டா,” என்றான் பெரியவன். போகவில்லை. இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.